வாய்தச்சானின் முகம்

பேய்ப் படம் எடுக்கிறவனுக்குப் பேய் மேல் நம்பிக்கை இருக்க முடியாது, இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட் சிரப்பில் சிவப்புக் கலர் கலந்து ரத்தம் செய்தவன் நான். வெள்ளைப் புடவைப் பேய், பொம்மைக்குள் புகுந்த ஆவி, கோடாலியோடு நடந்து வரும் முகமூடிக்காரன் என்று எந்த ஊர்ப் பூதத்தைக் காட்டினாலும் இது என்ன ரப்பர், என்ன பசை, லைட் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுதான் என் கண் போகும். கூட உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குப் படமே பேஜாராகிவிடும். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் பாதியில் சிரித்தாலும் பரவாயில்லை, முடித்துவிட்டுத்தான் நிறுத்துவேன்.

சாம் என் தோஸ்த். ஆம்பூரில் எங்கள் தெருவிலேயே வீடு, வீட்டில் அவனும் அவன் அம்மா ரூத்தும் மட்டும்தான். பி.காம் முடித்துவிட்டு ஒரு ஷூ ஃபேக்டரியில் சாம்பிள் செக்ஷனில் இருந்தான். நான் விஸ்காம் படித்துவிட்டுக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு, திகில் படம். ஆனால் நான் பார்ப்பது கேமராவை, அவன் பார்ப்பது அரக்கனை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், இவன் மட்டும் அந்த வேஷத்துக்குள் இருந்தவன் பெயர் வருகிறதா என்று உட்கார்ந்திருப்பான்.

"உலகமே பாத்து நடுங்குன உருவம் மச்சி. ஆனா அந்தாளு டீக்கடைக்கு வந்தா ஒருத்தனுக்கும் தெரியாது. இன்னா கெத்து பாரு" என்பான். முகம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்பது அவன் கட்சி. அதனால் நாங்கள் குறும்படம் எடுக்க ஆரம்பித்தபோது அவன் வைத்த ஒரே நிபந்தனை, அரக்கன் முகமூடியைக் கழற்றுவது போல ஒரு ஷாட்கூட வரக்கூடாது. ஷூட்டிங் நேரத்தில் முகமூடி இல்லாமல் போட்டோ எடுக்கக்கூட விடமாட்டான்.

அரக்கனுக்கு நாங்கள் வைத்த பெயர் வாய்தச்சான். பாலாற்றங்கரையில் மூடிக் கிடக்கும் ஒரு தோல் பதனிடும் ஷெட், அங்கே வாய் தைக்கப்பட்ட ஒருவன் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்களா என்று காத்திருக்கிறான், அவ்வளவுதான் கதை. முகமூடியை ரப்பரில் செய்யலாம் என்று நான் சொன்னதற்கு, ஆம்பூரில் பிறந்துவிட்டு ரப்பரா என்று சாம் திட்டினான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஷூ செய்யும்போது தோலைக் கால் வடிவக் கட்டை ஒன்றின் மேல் இழுத்துப் பிடித்து வைப்பார்கள், தோல் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கட்டையை உருவுவார்கள். அதிலும் மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் என்றால், நனைத்து எதன் மேல் காயவைக்கிறோமோ அதுவாகவே ஆகிவிடும். மறுபடி நனைந்து, கட்டை இல்லாமல் காய்ந்தால் போச்சு, பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும். சாம் வாணியம்பாடியிலிருந்து அப்படி ஒரு தோல் வாங்கி வந்தான். கட்டைக்கு எங்கே போவது என்று கேட்டேன். "என் மூஞ்சிதான் கட்டை" என்றான்.

கண்ணுக்கும் மூக்குக்கும் ஓட்டை வெட்டி, வாய்க்கு ஒரு கீறல் போட்டு, ஊறவைத்த தோலை முகத்தில் போட்டுக்கொண்டு டேபிள் ஃபேன் முன்னால் மல்லாந்து படுத்துவிட்டான். ஈரம் காய்வதற்குள் நான் நெற்றியைப் புடைக்க வைத்தேன், கன்னத்தில் மடிப்பு விட்டேன், மூக்கை ஒரு பக்கம் இழுத்தேன். காய்ந்ததும் எடுத்தபோது வெளியே பார்க்கச் சகிக்கவில்லை, உள்பக்கத்தில் மட்டும் சாமின் முகம் பதிந்திருந்தது. வாயைத் தைத்தது அவன் அம்மா. ஃபேக்டரியில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற கை அது. மெழுகு நூலை மேலும் கீழுமாகக் கோத்து, இரண்டு முனையிலும் பட்டாணி அளவுக்கு முடிச்சுப் போட்டார். "நெஜமா உன் வாயத் தச்சிருந்தா வீடாவது நிம்மதியா இருந்திருக்கும்டா" என்று சொல்லிக்கொண்டேதான் தைத்தார். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷூட்டிங் நடந்தது. ஒவ்வொரு டேக் முடிந்ததும் முகமூடிக்குள்ளிருந்து அமுங்கிய குரலில் அதே கேள்வி வரும். "மச்சி, பயமா இருந்துச்சா?" அப்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். இடது புருவம் மேலே ஏறியிருக்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிறவன் மாதிரி. நானும் விடமாட்டேன். "நாய்கூட பயப்படலடா, இன்னொரு டேக் போலாம்" என்பேன். அவனும் சளைக்காமல் போய் இருட்டு மூலையில் நின்றுகொள்வான். முகமூடியைக் கழற்றும்போது உள்பக்கம் வியர்வையில் தொப்பலாக நனைந்து, தொட்டால் சூடாக இருக்கும்.

படம் முடிந்து எடிட்டிங் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் சாமுக்குச் சென்னையில் ஒரு இண்டர்வியூ வந்தது. காட்பாடியில் ரயில் பிடிக்க விடியற்காலையில் பைக்கில் கிளம்பினான். பள்ளிகொண்டா தாண்டி ஒரு லாரி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு யாரோ அவனுடைய ஆதார் கார்டு போட்டோவைக் கொடுத்து, ஃபிளெக்ஸ் கடைக்காரர் அதை வெளுக்க வைத்து, கோட் சூட் மாட்டிவிட்டிருந்தார். தெருமுனையில் அதைப் பார்த்துவிட்டு சாமின் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "யாருப்பா இது?"

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். போனெல்லாம் அவனோடேயே நசுங்கிவிட்டது, அசைகிற மாதிரி என் பிள்ளை எங்கேயும் இல்லை, நீ நிறைய எடுத்திருப்பாயே, போட்டுக் காட்டு என்றார். நான் படத்தைப் போட்டேன். வாய்தச்சான் இருட்டிலிருந்து வெளியே வருகிற இடத்தில் யாரும் பின்னால் சாய்வார்கள், அவர் மட்டும் திரைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "செருப்பத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்குறான் பாரு, எத்தினி தடவ சொல்லியிருக்கேன்" என்றார். அழவில்லை. முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மூஞ்சிய எப்பப்பா காட்டுவீங்க?"

எங்கேயும் காட்டவில்லை என்றேன். ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்காக அவன் இருந்தான், நடந்தான், ஓடினான், விழுந்தான். ஒரு இடத்தில்கூட அவன் முகம் இல்லை. அம்மா, சரி, அந்த முகமூடியாவது கொடு, அவன் மூச்சு பட்டதில்லையா என்று வாங்கிக்கொண்டு போனார். அவன் சட்டை மாட்டுகிற ஆணியிலேயே அதை மாட்டி வைத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவிடமிருந்து போன், சீக்கிரம் வா என்று. போய்ப் பார்த்தால் ராத்திரியெல்லாம் ஓட்டு இடுக்கில் ஒழுகி, முகமூடி தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. நான் வைத்த புடைப்பு, மடிப்பு எதுவும் இல்லை, பிழிந்த துணி மாதிரி தொங்கியது. தைத்த வாய் மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே பேப்பரைத் திணித்துக் காயவைக்கலாம் என்றேன்.

"கட்டை இல்லாம காஞ்சா இன்னாவாகும்னு எனக்குச் சொல்றியாப்பா" என்றார்.

என் முகத்தில் போட்டுப் பார்த்தேன், தாடை சேரவில்லை, அகலம் கம்மி. கடைசியில் பிளாஸ்டிக் சேரில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, முகமூடியை அதன் மேல் சாய்த்து வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். அன்றைக்குச் சர்ச்சில் சாமுக்காக ஜெபம் சொல்லியிருந்தார்கள். நான் சாமி கும்பிடுவது வேறு மாதிரி, ஆனாலும் அம்மாவைத் தனியாக அனுப்ப மனசு வராமல் கூடப் போனேன். அவரே பூட்டினார், சாவி அவர் கைப்பையில்தான் இருந்தது.

ஆராதனை நடக்கும்போதே கரண்ட் போய்விட்டது, திரும்பும்போதும் வரவில்லை. மழை தூறிக்கொண்டே இருந்தது, அந்த ஈரக்காற்றில் ஒரு கைக்குட்டைகூடக் காயாது. கதவைத் திறந்தோம். நின்றுபோன ஃபேனுக்கு முன்னால், சேரில், முகமூடி காய்ந்து கிடந்தது.

சுருளவில்லை. வாய்தச்சானும் இல்லை. சாம் இருந்தான். அவன் மூக்கு, அவன் தாடை. இடது புருவம் மேலே ஏறியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தையல் நூல் சேருக்குக் கீழே தரையில் கிடந்தது, எங்கேயும் அறுபடாமல், இரண்டு முனையிலும் அம்மா போட்ட முடிச்சோடு. உதட்டில் ஊசி போன ஓட்டைகள் ஒன்றுகூடக் கிழியவில்லை. அந்த முடிச்சு அந்த ஓட்டைகள் வழியாக எப்படி வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான் கையில் எடுத்தேன், எடுத்ததும் கீழே போடப் பார்த்தேன். வெளியே மரம் மாதிரி காய்ந்திருக்கிறது, உள்பக்கம் மட்டும் தொப்பலாக ஈரம். சூடு. ஷூட்டிங் முடிந்து கழற்றிக் கொடுப்பானே, அதே சூடு.

அம்மா என் கையிலிருந்து வாங்கி, மடியில் வைத்து, முந்தானையால் உள்ளே ஒற்றி எடுத்தார். அப்புறம் குனிந்து, தூங்கி எழுந்த குழந்தையிடம் பேசுவது போலச் சொன்னார்.

"இல்லடா கண்ணு. அம்மாவுக்குப் பயமா இல்ல."

ஷூட்டிங் நடந்த இடத்துக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. அவன் அந்தக் கேள்வி கேட்பான் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை.

அந்த முகத்தோடு அவர் நன்றாகத்தான் இருந்தார். ஒழுங்காகச் சாப்பிட்டார், வேலைக்குப் போனார். ஆனால் கொஞ்ச நாளில் ஒரு ஆசை வந்துவிட்டது, இன்னொரு தடவை நனைத்துப் பார்க்கலாமா என்று. "கேக்கற மாதிரியே இருக்கான்பா. ஒரே ஒரு தடவ சிரிச்சுட்டான்னா போதும், அதுக்கப்புறம் தொடமாட்டேன்" என்றார். வேண்டாம்மா, இருக்கிறதும் போய்விடும் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. குழாயடியில் உட்கார்ந்து, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது போல நெற்றியில் கையை அணை கட்டி மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார். அதே சேர், அதே துண்டு. பூட்டிவிட்டுச் சர்ச்சுக்குப் போனோம். ஜெபத்தில் என் மனசு நிற்கவில்லை, அம்மா மட்டும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

திரும்பி வந்து பார்த்தபோது காய்ந்திருந்தது. சாம்தான். ஆனால் புருவம் இறங்கியிருந்தது, உதடுகள் சேர்ந்திருந்தன. கத்தரித்து எடுத்த கண் ஓட்டைகள் இரண்டும் கோடு மாதிரி மூடியிருந்தன. தோல் சுருங்கினால் ஓட்டை சிறுத்துப்போகும் என்பீர்கள், நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை, சூடு இல்லை.

அம்மா அதை என் கையிலிருந்து வாங்கினார். "தூங்கிட்டான்பா. இனிமே எழுப்ப வேணாம்" என்றார். ஆணியில் மாட்டவில்லை, அவன் சட்டையிலேயே சுற்றி பீரோவுக்குள் வைத்தார்.

படத்தை நான் இன்னும் வெளியிடவில்லை. அந்த நூல் என் கேமராப் பையில்தான் இருக்கிறது, முடிச்சுகளோடு. ஆனால் என்னைத் தூங்கவிடாதது அது இல்லை. முதல் தடவை கதவைத் திறந்தபோது அந்த முகம் அம்மா பக்கம் திரும்பியிருக்கவில்லை, கேமரா வைத்துக்கொண்டு நான் எப்போதும் நிற்பேனே, அந்த உயரத்தில், நேராக என்னைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. அவன் ஒவ்வொரு டேக்கிலும் எதிர்பார்த்த அந்தப் பதிலை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அம்மா பயமில்லையென்று சொல்லிவிட்டார், அவனும் கண்ணை மூடிக்கொண்டான்.