ஆள் ஏறினால் அணைந்த விளக்கு

அக்காவுக்கு அன்று மாலை படப்பை மாதா கோயிலில் திருமணம். அப்பாவும் அம்மாவும் அவளோடு காலையிலேயே வாடகைக் காரில் போய்விட்டார்கள். எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் மிச்சமிருந்த சொந்தக்காரர்கள் பெரியப்பாவின் டிராக்டரில் மாட்டிய டிரெய்லரில் போவதாக ஏற்பாடு. பட்டுப்புடவையும் பூவுமாக எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பெரியம்மா டிரெய்லரின் பின்பக்கம் வந்து பார்த்தாள். சிவப்பு விளக்கு எரியவில்லை.

"எல்லாம் எறங்குங்க. திரும்பி வரச்சே கும்மிருட்டு. லாரிக்காரன் பின்னாடி வந்து மோதினா யாரு பதில் சொல்றது?"

போன வாரம்தான் அந்த ரோட்டில் ஒரு மாட்டு வண்டியை லாரி இடித்திருந்தது. பெரியப்பா விளக்குச் சுவிட்சை அணைத்தார். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். விளக்கு எரியாவிட்டால் அக்கா கல்யாணத்தில் அப்பா அம்மா தவிர எங்கள் ஊர் ஆள் ஒருவர்கூட இருக்கப்போவதில்லை.

நான் அப்போது தாம்பரத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் என்றால் எனக்குச் சோறு வேண்டாம். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு விளக்குப் பெட்டியைக் கழற்றினேன். துருவை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் பளிச்சென்று எரிந்தது. இவ்வளவுதானா என்று நிமிர்ந்து நின்றேன். எல்லாரும் ஏறினார்கள். அணைந்தது. இறங்கினார்கள். எரிந்தது.

"ஆளைப் பாத்தா வெக்கப்படுது போல கீது" என்றார் சித்தப்பா.

"காலேஜ்ல இதான் சொல்லிக் குடுக்கிறாங்களா?" என்றார் பெரியப்பா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உப்புத்தாள் ஒன்றும் சரிசெய்யவில்லை. ஆள் பாரம்தான் ஏதோ செய்கிறது. இருந்தவர்களில் கனமானவர் சித்தப்பா.

"சித்தப்பா, நீங்க மட்டும் ஏறுங்க. பின்னாடியே நில்லுங்க."

அணைந்தது.

"முன்னாடி போங்க."

எரிந்தது.

"மறுபடி பின்னாடி."

"இன்னாடி, மாவாட்டுறாப்பல இங்கியும் அங்கியும் தள்ற?" என்று முனகிக்கொண்டே வந்தார். அணைந்தது.

அது இரண்டே சக்கரம் வைத்த டிரெய்லர். பின்னால் பாரம் ஏறினால் டிராக்டரில் மாட்டிய அதன் மூக்கு கொஞ்சம் மேலே தூக்கும். முன்பக்கம் ஓடினேன். டிராக்டரிலிருந்து டிரெய்லருக்குப் போகும் வயர் தரையில் தொங்கக்கூடாதென்று பெரியப்பா அதைக் கயிற்றால் விறைப்பாகக் கட்டியிருந்தார். மூக்கு தூக்கும்போதெல்லாம் வயர் இழுபட்டது. கட்டின இடத்தை விரலால் நசுக்கிப் பார்த்தேன். மேலே ரப்பர் முழுசாக இருந்தது. உள்ளே கம்பி அறுந்து கிடந்தது. இழுத்தால் விலகும், விட்டால் ஒட்டும்.

பிளேடால் சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன். கயிற்றை அவிழ்த்து, வயரைக் கொஞ்சம் தொய்வாக விட்டுக் கட்டினேன்.

"கல்யாண வண்டியில வயரு தொங்கினா நல்லாவா இருக்கும்?" என்றார் பெரியப்பா.

"தொங்கட்டும் பெரியப்பா."

பெரியம்மா லேசில் விடவில்லை. எல்லாரையும் ஏற்றி, பின்பக்கமே நெருக்கி உட்காரவைத்து, விளக்கையே முறைத்துக்கொண்டு நின்றாள். அது அசையாமல் எரிந்தது. "சரி, கையைக் குடு" என்று அவளும் ஏறினாள்.

நாங்கள் போய்ச் சேரும்போது கோயில் மணி அடித்து முடிந்திருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா வாசலிலேயே ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். பெரியம்மா குதிக்காத குறையாக இறங்கி நேராக அவளிடம் போனாள்.

"உன் தங்கச்சிதான் எங்களைக் கொண்டாந்தா. அவ இல்லாங்காட்டி நாங்க வூட்ல குந்திக்கினு இருந்திருப்போம்."

அக்கா முகத்தை மூடிய வெள்ளை நெட்டுக்குள்ளிருந்து, துருவும் மசியும் படிந்த என் கைகளைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. கறுத்த கையோடு, தலையை நிமிர்த்திக்கொண்டு, அவள் பின்னாலேயே நடந்தேன்.