மண்டபம் மேடத்தின் விளக்கு

எனக்கு ‘மண்டபம்’ என்று பெயர் வைத்தவர் எங்கள் மேனேஜர். தொம்மலூரில் உள்ள அந்த ஆபீசில் நான் சேர்ந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாகக் கூடாரத்தில் தங்கக் கிளம்பினேன். கனகபுரா ரோட்டைத் தாண்டி ஒரு பாறைக்குன்று. ஆபீசிலிருந்து பன்னிரண்டு பேர். “லைட்டு அவங்கவங்களே கொண்டு வந்துடணும்” என்று சொல்லியிருந்தார்கள். எந்த மாதிரி லைட் என்று யாரும் சொல்லவில்லை. ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டில் கரண்ட் போனால் எடுக்கிற எமர்ஜென்சி லைட்டைத்தான் பையில் திணித்துக்கொண்டு போனேன். கைப்பிடி வைத்தது, கனமானது, வெள்ளை வெளேரென்று எரியும்.

இருட்டத் தொடங்கியதும் அதைப் போட்டேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எங்கிருந்தோ பூச்சிகள் திரண்டு வந்து சித்ரான்னத்தில் விழுந்தன. நான் அணைப்பதற்குள் மேனேஜரின் போன் வெளியே வந்துவிட்டது.

“பாருங்கப்பா, நாம கேம்பிங் வந்தோமா, கல்யாண மண்டபத்துக்கு வந்தோமா? மேடம், பொண்ணு மாப்பிள்ள எங்க?”

ஆபீஸ் ஆட்கள் மட்டும் பார்க்கிற இணையப் பக்கத்தில் திங்கட்கிழமை அந்த வீடியோ ஏறியது. அதில் நானும் சிரிக்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று, கையில் தட்டோடு, அசட்டுச் சிரிப்பு. அவர் கேலி செய்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வாசல் செக்யூரிட்டி வரை “மண்டபம் மேடம்” ஆனேன். ஒருநாள் வெளியாட்கள் உட்கார்ந்திருந்த மீட்டிங்கிலேயே, “அத நம்ம மண்டபத்தக் கேளுங்க” என்றார்.

தனியாகப் போய்க் கேட்டேன். “சார், அந்த வீடியோவ எடுத்துடுங்க.”

“அய்யோ, இதுக்கெல்லாமா ஃபீல் பண்ணுவாங்க? ஸ்வல்ப ஸ்போர்ட்டிவா இருங்க மேடம்,” என்றார் தன் கன்னடம் கலந்த தமிழில்.

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போதே முடிவு செய்தேன். அடுத்த முறையும் போவேன். அந்த ஆள் என் வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

நான்கு மாதம் இருந்தது. முதலில் வாங்கிய லைட்டை, வெளிச்சத்தின் அளவென்று அட்டையில் போட்டிருந்த பெரிய எண்ணைப் பார்த்து வாங்கினேன். எங்கள் வீட்டில் தெருவிளக்கு எட்டாத ஒரே இடம் பாத்ரூம். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு சோதித்தேன்.

“உள்ள என்ன பண்றே?” என்றார் என் வீட்டுக்காரர்.

“லைட்டு பாக்குறேன். உள்ள வந்து உக்காருங்க.”

கவிழ்த்த பக்கெட்டில் அவரை உட்கார வைத்து எதிரே நின்றேன். “கண்ணு கூசுது” என்றார். அதைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது, பல்பு அப்படியே வெளியே தெரிகிற ரகம். அதுவும் உதவாது. மூன்றாவதற்குப் பால் நிறத்தில் மூடி இருந்தது. மஞ்சள் வெளிச்சம், கூட்டவும் குறைக்கவும் முடியும், மேலே ஒரு கொக்கி. உள்ளங்கையில் அடங்கிவிடும், பையில் இருப்பதே தெரியாது.

“இப்ப உன் மூஞ்சி நல்லா தெரியுது,” என்றார். “கோவமா இருக்கே.”

நடப்பதற்குத் தலையில் மாட்டும் சின்ன விளக்கு ஒன்று தனியாக வாங்கினேன். இரண்டிலும் பட்டனை அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும். பையில் துணிமணி அழுத்தித் தானாக எரிந்து தீர்ந்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு.

இரண்டாவது பயணத்துக்கு மேனேஜர் முழங்கை நீளத்துக்கு ஒரு டார்ச் கொண்டுவந்தார். “இத அடிச்சா எதிர்க் குன்னுல இருக்கற ஆடு தெரியும்” என்று வேனில் எல்லோருக்கும் காட்டிவிட்டுப் பைக்குள் வைத்தார். மதியம் தாண்டியிருக்கும். முன்சீட்டுக்கு மேலே இருந்த அவருடைய நீலப் பையின் ஓரத்தில் துணியை மீறி ஒரு வெள்ளை ஒளி. பூட்டாமல் வைத்திருக்கிறார், ஏதோ பட்டனை அழுத்திவிட்டது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். போய்ச் சேர இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. கடலையை ஒவ்வொன்றாகத் தின்றபடி, அந்த ஒளி மெல்ல மங்குவதைப் பார்த்துக்கொண்டே போனேன். வெகு நாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது.

பொழுது சாய்ந்ததும் அவர் டார்ச்சை எடுத்தார். ஒரு முறை கண் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. அதற்கென்று தனி சார்ஜர். யாருடைய வயரும் பொருந்தவில்லை. பகலெல்லாம் வீடியோ எடுத்ததில் போனும் செத்திருந்தது. மற்றவர்கள் போன் வெளிச்சத்தை நம்பி வந்திருந்தார்கள்; சார்ஜ் தீர்ந்துவிடுமென்று அதையும் அணைத்து வைத்திருந்தார்கள்.

நான் என் விளக்கை மரக்கிளையில் மாட்டினேன். ஒவ்வொருவராகத் தட்டோடு வந்து கீழே உட்கார்ந்தார்கள். “கண்ணுக்கு எவ்ளோ இதமா இருக்கு மேடம், எங்க வாங்கினீங்க?” என்று கேட்டாள் பக்கத்து சீட்டுப் பெண். மேனேஜரும் வந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

சற்று நேரத்தில் எழுந்து என்னிடம் வந்தார். “மேடம், அந்த ஹெட்லைட்ட குடுங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் போய்ட்டு வரணும்.”

“யாரக் கேக்குறீங்க சார்?”

“உங்களத்தான்.”

“எனக்குத்தான் ஒரு பேரு வெச்சிருக்கீங்களே. அதச் சொல்லிக் கேளுங்க.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அது சும்னே விளையாட்டுக்கு...” என்று இழுத்தார்.

“அந்தப் பழைய வீடியோவ எப்ப எடுப்பீங்க?”

“இங்க சிக்னல் இல்லியே மேடம்.”

“எப்ப எடுப்பீங்கன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க.”

அவரால் நிற்க முடியவில்லை, கால் மாற்றி மாற்றி நின்றார். அது எனக்குத் தெரிந்தும் தலைவிளக்கின் பட்டையை நிதானமாகச் சரிசெய்துகொண்டிருந்தேன். கடைசியில் என் முழுப்பெயரைச் சொல்லி, காலையில் கீழே இறங்கியதும் எடுத்துவிடுவதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகுதான் கொடுத்தேன்.

மறுநாள் அடிவாரத்து டீக்கடையில் சிக்னல் வந்தது. டீக்கடைக்காரர் கொடுத்த சார்ஜரில் போனை மாட்டி, என் கண்முன்னாலேயே வீடியோவை நீக்கினார். மன்னிப்பு கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வேனில் பார்த்ததை வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?” என்றார். “சொல்லியிருக்கலாம்,” என்றேன்.

அதற்கடுத்த பயணத்துக்கு மேனேஜர் வரவில்லை. முதுகு வலி என்று சொன்னார்கள். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அந்த முறை வேனில் அவர் உட்காரும் முன்சீட்டில் நான் உட்கார்ந்துகொண்டேன்.