பள்ள வயலில்தான் அறுக்க வேண்டும்

அப்பாவுக்கு ஒரு பழக்கம். யார் வந்தாலும் ரோட்டோரத்து மேட்டு வயலைத்தான் காட்டுவார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களைக்கூட முதலில் அங்கேதான் நிறுத்தினார். நான் அப்புறம்தான்.

அந்த வருஷம் தை மாதம், பயிர்க் காப்பீட்டுக்காகச் சோதனை அறுவடை செய்ய ஓர் அலுவலர் நன்னிலம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்தார். ஊரில் சில வயல்களைக் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுக்கும். அவற்றில் கயிறு பிடித்து ஒரு சதுரம் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்த எடையை வைத்துத்தான் ஊர் முழுவதற்கும் இழப்பீடு உண்டா இல்லையா என்பது முடிவாகும். எங்கள் பள்ள வயலின் சர்வே நம்பர் அதில் வந்திருந்தது.

அறுப்புக்கு முன் பெய்த மழையில் அந்த வயல் மூழ்கிப் போயிருந்தது. வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் இறங்கவேயில்லை. சாய்ந்த நெல் கதிரிலேயே முளை விட்டிருந்தது. ஊரில் பாதி வயல் அப்படித்தான் கிடந்தது.

பக்கத்து வயலைக் குத்தகைக்குச் செய்த, நான் அக்கா என்று கூப்பிடுகிற பெண்ணுக்குச் சொந்த நிலம் கிடையாது. சிங்கப்பூரிலிருக்கும் நிலத்துக்காரரைச் சம்மதிக்க வைத்து, நடையாய் நடந்து சாகுபடிச் சான்றான அடங்கல் வாங்கி, தன் பேரிலேயே பிரீமியம் கட்டியிருந்தார். இழப்பீடு வராவிட்டால் குத்தகையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

அலுவலர் பைக்கை நிறுத்தினார். பள்ள வயலுக்குப் போகிற வரப்பெல்லாம் சேறு. காலில் புது ஷூ. அவர் பார்வை மேட்டு வயலில் விழுந்தது.

"இதுவும் உங்களதுதானே? இங்கயே அறுத்துடலாமே."

"தாராளமா சார்" என்றார் அப்பா. முகமெல்லாம் பூரிப்பு. இளநீர் வெட்டவும் கிளம்பிவிட்டார்.

எனக்கு அலுவலரைவிட அப்பா மேல்தான் கோபம். நன்றாக விளைந்த மேட்டு வயலின் எடை கணக்கில் ஏறினால் ஊருக்கு ஒன்றும் கிடைக்காது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அழுகின வயலைப் பார்த்தால் வந்தவர் தன்னைச் சோம்பேறி என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தை வைத்தே எங்களை எத்தனை பேர் ஏமாற்றியிருக்கிறார்கள்!

"சார், உங்க போன்ல வந்த நம்பர் இது இல்லை. அது கடைசியில இருக்கு."

"ரெண்டும் ஒரே ஆளோட நிலம்தானேம்மா. என்ன பெரிய வித்தியாசம்?"

"வித்தியாசம் இல்லைன்னா அங்கயே அறுங்க."

அப்பா பல்லைக் கடித்தார். "வீட்டுக்குப் போ நீ. வந்தவங்ககிட்ட இப்படியா பேசுறது?"

"போகமாட்டேன்பா. நாம என்ன விருந்தா வைக்கிறோம்? பணம் கட்டியிருக்கோம்."

மேட்டு வயலில் அரிவாளை வைத்தால் குறுக்கே படுத்துவிடுவேன் என்றும் சொன்னேன். படுத்திருப்பேனா தெரியாது. அலுவலர் நம்பிவிட்டார்.

சத்தம் கேட்டு அக்கா வரப்பில் வந்து நின்றார். அலுவலரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அண்ணே, உங்க வயலைக் காட்ட உங்களுக்கு வெக்கமா இருக்கு. என் வயலு அதைவிட மோசம். நான் எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத்தானே நிக்கிறேன்?"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அலுவலர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பின்னால் போனார். எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

அறுத்து, அடித்துத் தராசில் வைத்தபோது முள் அசைந்த மாதிரியே தெரியவில்லை. அலுவலர் தயங்கினார்.

"இவ்வளவு கம்மியாப் போட்டா மேல கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்" என்றார் அப்பா, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கிற குரலில். "என் வயலு. இவ்வளவுதான் விளஞ்சுது. எழுதுங்க."

இழப்பீடு தானாக வந்துவிடவில்லை. ஊரே போய் அலுவலக வாசலில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது. அக்காவின் பணம் அக்காவின் கணக்கிலேயே ஏறியது. மறுநாள் சிங்கப்பூரிலிருந்து நிலத்துக்காரர் போன் செய்தார். நிலம் தன்னுடையது, அதனால் அதில் தனக்கும் ஒரு பங்கு வர வேண்டும் என்றார். அப்போது நானும் அக்காவும் அடுத்த நடவுக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தோம். அக்கா சேற்றுக் கையோடு போனைக் காதில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"வயல் முழுகினப்ப அந்த நட்டத்துல பங்கு கேட்டீங்களா அண்ணே?"