குப்பையில் போட்ட டிஸ்குகள்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு கிளினிக்கில் அன்று டாக்டர், பதிவு எழுதும் மேரி அக்கா, மருந்து அடுக்கும் நான். எண்பத்தொன்பதாம் வருடம். வைரஸ் சோதிக்கும் புரோகிராமைப் போட்டுவிட்டு, பத்தொன்பது டிஸ்குகளை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி அக்கா சாப்பிடப் போனார். ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் எச்சரித்தது. ‘ஓல்டு’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. தேதி முடிந்த மருந்தை எறிவது என் வேலை. நோயாளிகளின் பதிவு இருந்த அந்த டிஸ்குகளையும் அப்படியே குப்பையில் எறிந்தேன்.

அக்கா திரும்பி வந்து டிஸ்குகள் எங்கே என்று கேட்டதும் எறிந்ததைச் சொல்லிவிட்டேன்.

“ஐயோ தம்பி! பழசு அந்தச் சோதிக்கிற புரோகிராம்தான் லா. டிஸ்க்குக்கு ஒண்ணுமில்ல!”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். டாக்டர் சட்டைக் கையை மடித்தார்.

“வாங்க, குப்பை லாரி வர்றதுக்குள்ள தேடுவோம்.”

மூவரும் பின்சந்துக் குப்பைத் தொட்டியில் கையை விட்டுத் தேடினோம்.

“டாக்டருக்கே ஊசி போடணும் போல,” என்றார் அக்கா.

பயந்து மறைத்திருந்தால் எல்லாம் லாரியோடு போயிருக்கும். ஒன்றுகூடக் குறையவில்லை.

பத்தொன்பது டிஸ்க்.