ஆளுக்கொரு உண்மை

பஞ்சாயத்து ஸ்ரீரங்கத்தில், மாப்பிள்ளையின் பெரியப்பா வீட்டில் நடந்தது. நான் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிறவன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடினால் எனக்குப் பேச வராது. ஆனால் அப்பா அம்மா இல்லை. பொன்மலையில் வாழப்போன தங்கைக்காக நான்தான் போய் உட்கார வேண்டியிருந்தது.

புருஷன் அறைந்ததில் அவளுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. அன்றிலிருந்து காட்டூரில் என் வீட்டில் இருந்தாள். அவளைத் திரும்ப அனுப்புவதா இல்லையா என்பதுதான் பேச்சு.

முதலில் கேசரி வந்தது. எல்லோர் விரலிலும் நெய் வழிந்தது.

"அறையலைங்க. கையை வீசிப் பேசுறப்ப பட்டுருச்சு," என்றார் மாப்பிள்ளை. "நீங்களே சொல்லுங்க மச்சான், நான் அப்படிப்பட்ட ஆளா?"

"அறைஞ்சாரு," என்றாள் தங்கை.

பெரியப்பா பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அது உனக்கு உண்மைம்மா. இவன் சொல்றது இவனுக்கு உண்மை. உண்மைங்கிறதே பாக்குறவங்களைப் பொறுத்ததுதானே? ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கி வாங்க."

எங்கள் பக்கம் வந்திருந்த சித்தப்பாவே என் தொடையில் தட்டி, "படிச்சவர் படிச்சவர்தான்யா," என்றார். அறைந்தான் என்பதிலிருந்து கொஞ்சம் இறங்கினால் எங்கே போய் நிற்பது? பாதி அறையிலா?

தங்கையின் இடப்பக்கம் இருந்த மாமியார், "என்னம்மா, இன்னைக்கே கிளம்புவோமா?" என்றார். அவளுக்குக் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா, வாயைத் திறக்குறாளான்னு! இந்தத் திமிருக்குத்தான் அன்னைக்கு வாங்குனா," என்றார் மாமியார்.

ஒருவரும் அதிர்ச்சியடையவில்லை. மாப்பிள்ளை மட்டும் அம்மாவை முறைத்தார். மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். அவர் அறைந்தது எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இப்ப அவங்க சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சுல்லங்க?" என்றேன்.

"கோவத்துல வர்ற வார்த்தைப்பா. அதைப் போய் உண்மைன்னு பிடிச்சுக்கக் கூடாது," என்றார் பெரியப்பா.

தங்கையின் தோளைத் தொட்டேன். எழுந்து என்னோடு வந்துவிட்டாள். சித்தப்பா வாசல்வரை வந்து, "இப்படி எந்திரிச்சுப் போனா நம்மளை யாருடா மதிப்பா?" என்று கடிந்துகொண்டார்.

அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். விசேஷங்களில் பார்க்கிற சொந்தக்காரர்கள், "உங்க பக்கம் ஒரு நியாயம், அவங்க பக்கம் ஒரு நியாயம்," என்று இப்போதும் சொல்கிறார்கள். மொய்யை வைத்துவிட்டுத் திரும்பி விடுகிறேன். அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தால் சோறு இறங்காது.