எங்கள் பலகையில் விமானம் விழுவதில்லை

எட்டு வருஷம் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு விமானம்கூட விழுந்ததில்லை. ஒரு ராக்கெட் வெடித்ததில்லை. யாரும் செத்ததில்லை. ஷாப் ஃப்ளோர் வாசலில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையைப் பற்றித்தான் சொல்கிறேன். "விண்ணில் இந்த நாள்" என்று அதற்குத் தலைப்பு. அந்தத் தேதியில் வானத்தில் என்ன நடந்தது என்று தினமும் காலை மீட்டிங்குக்கு முன்னால் அதில் எழுத வேண்டும். எழுதியது நான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஓசூர் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்தது அந்தக் கம்பெனி. விமானத்தின் இருக்கையைத் தரையோடு பிடித்து நிறுத்துகிற அலுமினிய பிராக்கெட் செய்தோம். உள்ளங்கையில் அடங்கும் சாமான். ஹெட் ஆபீஸிலிருந்து மாதாமாதம் தேதிவாரியாக ஓர் இங்கிலீஷ் தாள் வரும். நான் தமிழில் எழுதுவேன், பிளான்ட் மேனேஜர் சத்தமாகப் படிப்பார், தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுகிற கூட்டம் கை தட்டிவிட்டு மெஷினுக்குப் போகும். ஏப்ரல் 3, நம் நாட்டுக்காரர் ஒருவர் முதன்முதலாக விண்வெளிக்குப் போனார், கைதட்டல். ஏப்ரல் 12, மனிதன் முதல் தடவையாகப் பூமியைச் சுற்றி வந்தான், கைதட்டல். ஜூலை 20, நிலாவில் கால், பெரிய கைதட்டல். அந்த நிலா உடையைத் தைத்தது பெண் தையல்காரர்கள் என்று எங்கோ படித்ததை ஒரு வருஷம் நானாகச் சேர்த்து எழுதினேன். அன்றைக்கு எங்கள் பெண்கள் விசில் அடித்தார்கள்.

பிப்ரவரி 1 வந்தால் மட்டும் தாளில் அந்த இடம் காலியாக இருக்கும். முதல் இரண்டு வருஷம் நானும் அன்றைக்குப் பிறந்தவர்களுக்கு வாழ்த்து எழுதி ஒப்பேற்றினேன். மூன்றாவது வருஷம் மனசு கேட்கவில்லை. 2003-இல் அந்த நாளில் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த விண்கலம் வானத்திலேயே சிதறியது. ஏழு பேர். அதில் ஒருத்தி நம் நாட்டில் பிறந்து போனவள். நான் பள்ளிக்கூடத்தில் அவளுக்காக மௌனமாக நின்றிருக்கிறேன். கிளம்பும்போதே இறக்கையில் அடிபட்டது, அந்த இடத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று இஞ்சினியர்கள் கேட்டார்கள், மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவுதான் எழுதினேன். மேனேஜர் வந்தார், படித்தார், டஸ்டரைக்கூடத் தேடாமல் உள்ளங்கையாலேயே அழித்தார்.

"காலங்காத்தால நல்ல சேதியா எழுதும்மா. ஜனங்க சந்தோஷமா வேலைக்குப் போகணும்" என்றார். கை முழுக்க நீல மசியோடு அவரே அன்றைக்கு வாழ்த்துச் சொன்னார்.

எனக்கு ஏன் அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைச் சொல்ல வேண்டும். பார்ப்பதுதான் என் வேலை. துளை போட்ட ஓரத்தில் தலைமயிரைவிட மெல்லிசாக அலுமினியப் பிசிறு ஒட்டி நிற்கும். பர் என்போம். அது இருந்தால் அந்த இடத்திலிருந்து விரிசல் கிளம்பும். ஒவ்வொரு பிராக்கெட்டையும் பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பர் உள்ளதைச் சிவப்புத் தட்டிலும் இல்லாததைப் பச்சைத் தட்டிலும் போடுவேன். பிறகு அந்த லாட்டோடு, அதாவது ஒரே தடவையில் செய்த மொத்த பீஸோடு, போகிற ரூட் கார்டில் இன்ஸ்பெக்டர் ஸ்டாம்ப் விழ வேண்டும். ஆளுக்கு ஒரு எண் போட்ட ஸ்டாம்ப். எந்த நாட்டில் எந்த விமானத்தில் அந்த பிராக்கெட் இருந்தாலும், இதைப் பார்த்தது யார் என்று அந்த எண் சொல்லிவிடும்.

அந்த ஸ்டாம்ப் என்னிடம் இல்லை. பக்கத்து நாற்காலி அண்ணனிடம் இருந்தது. அவர் தெற்கத்திக்காரர், பர்மனென்ட், இருபது வருஷ சர்வீஸ். நல்ல மனுஷர்தான். ஆனால் சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுவிட்டது. வருஷா வருஷம் நடக்கிற கண் பரிசோதனையில் எப்படித் தேறினார் என்றால், அந்தப் படிக்கிற அட்டையை அவர் மனப்பாடம் செய்திருந்தார். நாலு வருஷமாக அதே அட்டை. ஆக, கண் என்னுடையது, ஸ்டாம்ப் அவருடையது. இது மேனேஜருக்கும் தெரியும். நான் கான்ட்ராக்ட், சம்பளம் குறைவு, அதனால் அவருக்கு இந்த ஏற்பாடு வசதி.

நான் பேரிகைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் தோட்டத்தில் தக்காளி பறித்துத்தான் என்னை டிப்ளமோ படிக்க வைத்தார்கள். எனக்கு அந்த ஸ்டாம்ப் வேண்டும். என் எண் போட்ட ஒன்று. அது இருந்தால் நான் இன்ஸ்பெக்டர், ஓசூரிலோ எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலோ எந்தக் கம்பெனிக் கதவையும் தட்டலாம். இல்லாவிட்டால் எட்டு வருஷமும் காற்றோடு போச்சு. ஒவ்வொரு வருஷமும் வாடிக்கைக் கம்பெனியின் ஆடிட் வருவதற்கு முன்னால் மேனேஜரிடம் கேட்பேன். "ஆடிட் முடியட்டும்மா, உன் ஸ்டாம்ப் ரெடி" என்பார். ஆடிட் அன்றைக்குச் சம்பளத்தோடு லீவும் கொடுப்பார். என்ன தங்கமான மனுஷர் என்று நினைத்துக்கொண்டு நானும் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பேன். என் புத்தியை எதால் அடிப்பது!

போன தடவை ஆடிட் டிசம்பர் 17-ஆம் தேதி விழுந்தது. மேனேஜருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. 1903-இல் அதே நாளில்தான் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் முதல் விமானத்தைப் பறக்க விட்டார்கள். "பலகைய அசத்திடும்மா, ஆடிட்டர் பாத்து அப்படியே நிக்கணும்" என்றார். லாரியில் சரக்கு ஏற்ற அவசரம், இந்த வருஷம் லீவும் கிடையாது என்றார். சரி, ஒருவழியாக என்னையும் ஆளாக மதித்துவிட்டார்கள் என்று நான் உருகிப்போய் முந்தின நாளே உட்கார்ந்து தேடிப் படித்தேன். முதல் பறப்பு வெறும் பன்னிரண்டு வினாடி. அந்த விமானத்துக்கு இஞ்சின் செய்து கொடுத்தது அவர்களுடைய கடை மெக்கானிக். ஆறே வாரம். அலுமினிய வார்ப்பு. அந்த ஆள் வயசான காலத்தில் ஏழைகளுக்கான தர்ம வார்டில் கிடந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் எழுதினேன். மேனேஜர் கடைசி வரியில் வந்து நின்றார். "தர்ம வார்டு எதுக்கு? இஞ்சினோட நிறுத்திக்க" என்றார். மறுபடியும் உள்ளங்கை.

எட்டு மணிக்கு எச்.ஆர். மேடம் ஒரு பட்டியலோடு வந்தார். பதினோரு பேர் பெயர் படித்தார். எல்லோரும் கான்ட்ராக்ட் பெண்கள். ஆடிட்டர் போகிறவரை கேன்டீனில் இருக்க வேண்டுமாம். நான் இன்ஸ்பெக்ஷன் ஆச்சே மேடம், என் மேஜையில் லாட் நிற்கிறது என்றேன்.

"ரெகார்டுல நீங்க இன்ஸ்பெக்ஷன் இல்லீங்க. ஹவுஸ் கீப்பிங்" என்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

எட்டு வருஷம். ஒரு நாளைக்கு முந்நூறு பிராக்கெட். காகிதத்தில் நான் தரை துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தரை துடைப்பதை நான் கேவலமாகச் சொல்லவில்லை. என் அம்மா கொஞ்ச நாள் சந்தை கூட்டுகிற வேலையும் பார்த்தவள்தான், அவள் முகத்தைப் பார்த்து யாரும் நீ கூட்டவில்லை என்று சொன்னதில்லை. கேன்டீனில் விருந்தாளிச் சாப்பாட்டுக்குப் பீன்ஸ் நறுக்கக் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "இன்னா அக்கா, கைய நறுக்கிக்கப் போற, கத்திய வெச்சிட்டு உக்காரு" என்று பிடுங்கிக்கொண்டாள். அவளும் அந்தப் பட்டியல்தான்.

பதினோரு மணிக்கு எச்.ஆர். மேடம் மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் சாம்பல் நிறக் கோட்டும் தரை துடைக்கிற மாப்பும். ஆடிட்டர் தன் பையிலிருந்து ஐந்து பிராக்கெட் எடுத்து வைத்து, அண்ணனைத் தன் கண் முன்னாலேயே பார்த்துக் காட்டச் சொல்லிவிட்டாராம். நான் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, துடைக்கிற மாதிரி அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும். பர் இருந்தால் இரும வேண்டும்.

"இரும வேண்டுமா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவை. சார் உங்க ஸ்டாம்ப் விஷயம் கண்டிப்பா பண்றேன்னு சொல்லச் சொன்னார்."

போனேன். அதுதான் இன்னும் என்னைத் தின்கிறது. அந்த மாப்பை அங்கேயே வீசிவிட்டு வந்திருக்கலாம். ஸ்டாம்ப் என்ற ஒரு சொல்லுக்கு நான் கோட்டு மாட்டிக்கொண்டு போனேன்.

அண்ணன் விளக்குக்கு அடியில் குனிந்திருந்தார். ஏசியிலும் அவர் காலர் நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் உதட்டை அசைக்காமல், "தங்கச்சி, கைவிட்ராதம்மா" என்றார். எதிரில் பெங்களூரிலிருந்து வந்த சின்ன வயசு ஆடிட்டர், மார்பில் கை கட்டிக்கொண்டு நின்றார். முதல் பீஸ் சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதை அண்ணன் எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்துளையின் ஓரத்தில் பிசிறு பளிச்சென்று நின்றது. அவர் திருப்பினார், இன்னொரு தடவை திருப்பினார், என் பக்கம் காதைக் கொடுத்தார். நான் இருமவில்லை. அவர் கை பச்சைத் தட்டுப் பக்கம் போனது.

"அதுல பர் இருக்கு" என்றேன். ஆடிட்டருக்குப் புரியட்டும் என்று கன்னடத்திலேயே சொன்னேன். எந்தத் துளை, எந்தப் பக்கம் என்பதையும் சொன்னேன்.

ஆடிட்டர் வாங்கிப் பார்த்தார். அவர் வேண்டுமென்றே வைத்திருந்த கெட்ட பீஸ் அது. நீங்கள் யார் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் வந்தார். "எங்க ஹவுஸ் கீப்பிங் சார்! எங்க கம்பெனியில தரை துடைக்கிறவங்களுக்குக்கூட குவாலிட்டி தெரியும்!" என்றார். ஆடிட்டர் முகம் மலர்ந்துபோனது. கை தட்டினார். அவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். மாப்போடு என்னை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார். அண்ணன் தலையைத் தூக்கவேயில்லை. அந்த நேரத்தில், இங்கே எல்லாவற்றையும் பார்ப்பது நான்தான் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. இதை மட்டும் வேறு யார் தலையிலும் போட முடியாது.

மறுநாள் காலை மீட்டிங்கில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். சிறந்த ஹவுஸ் கீப்பிங் ஊழியர். லேமினேட் செய்தது. மீட்டிங் முடிந்ததும் மேனேஜர் பின்னாலேயே போய் ஸ்டாம்ப் கேட்டேன்.

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "இனிமே எப்படிம்மா தர்றது? ஆடிட்டர் உன்னை ஹவுஸ் கீப்பிங்னு ரிப்போர்ட்ல எழுதிட்டுப் போயிட்டார், போட்டோவோட. அடுத்த வருஷம் வந்து உன் கையில ஸ்டாம்ப்பைப் பாத்தா என்ன கேப்பார்? நீயே சொல்லு."

மேஜைக்கு வந்தேன். லாட் காத்திருந்தது. பார்க்காமல் போட்டுவிடலாம் என்று ஆத்திரம் வந்தது, ஆனால் விமானத்தில் ஏறி உட்காரப் போகிறவர்கள் எனக்கு என்ன பாவம் செய்தார்கள்? முழுசும் பார்த்தேன். பிறகு தட்டை அண்ணன் பக்கம் தள்ளாமல், ரூட் கார்டில் இன்ஸ்பெக்டர் என்ற கட்டத்தில் பேனாவால் என் பெயரை எழுதினேன். அவர் அதைப் பார்த்தார். ஸ்டாம்ப்பைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த லாட் போகவில்லை. கார்டைக் கிழித்துப் புதுசு எழுதினார்கள். அடுத்த லாட்டிலும் என் பெயர். அதையும் கிழித்தார்கள். மூன்றாம் நாள் வாசல் கேட்டில் என் அடையாள அட்டையை வைத்தால் கதவு திறக்கவில்லை. செக்யூரிட்டி என் டிபன் பாக்ஸையும் ஒரு கவரையும் நீட்டினார்.

கவரில் அனுபவச் சான்றிதழ். எட்டு ஆண்டுகள், ஹவுஸ் கீப்பிங், நடத்தை நன்று.

பொங்கல் கழிந்து அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனிக்குப் போனேன். அதுவும் விமானப் பாகம் செய்கிற இடம். நேர்காணல் எடுத்தவர் மரியாதையான ஆள், தண்ணீர் கொடுத்தார். சான்றிதழை மேலிருந்து கீழே படித்துவிட்டு மடித்து என் பக்கமே வைத்தார்.

"ஹவுஸ் கீப்பிங்குக்கு இப்ப ஆள் எடுக்கலைங்கம்மா. எங்களுக்கு இன்ஸ்பெக்டர்தான் கிடைக்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

எழுந்து போவேன் என்று அவர் காத்திருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.