ஆளுக்குப் பாதிப் பத்திரிகை

காலையில் தபால்காரர் பத்திரிகையைப் போட்டுவிட்டுப் போனார். சந்தா கட்டி மாதா மாதம் வரவழைக்கும் ரேடியோ பத்திரிகை. மேசைமேல் வைக்கப் போனால், போன மாசத்து இதழ் இன்னும் உறையோடு அங்கே இருக்கிறது. அதற்கடியில் அதன் அண்ணன். எல்லோருக்கும் மூத்தது, மேசை விசிறி ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இதையாவது பிரிப்பீங்களா, இல்ல அப்படியே எடைக்குப் போட்டுரவா?"

ரோஷம் வந்து பிரித்தேன். பசை வாசனை அடித்தது. நல்ல வாசனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ரேடியோ பத்திரிகை என்றால் என் மூக்குக்குக் கருவாடு மணக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அறந்தாங்கியில் நானும் காசிமும் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கடை என்பதே கொஞ்சம் பெரிய பேச்சுதான். ஒருவன் எழுந்தால் இன்னொருவன் உட்கார வேண்டும், அவ்வளவு இடம். கோட்டைப்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் சிங்கப்பூரில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களுக்காக ஒரு இங்கிலீஷ் ரேடியோ பத்திரிகை வாங்கி வருவார். அங்கே சென்ட்டு மணத்தோடு கப்பலேறிய பத்திரிகை, கோட்டைப்பட்டினத்திலிருந்து சந்தைக்கு வரும் கருவாட்டுக் கூடையோடு பஸ்ஸில் எங்களிடம் வந்து சேரும். உலகத்தில் அடுத்து என்ன வரப்போகிறது என்று எங்களுக்குச் சொல்ல அதைவிட்டால் வேறு நாதியில்லை.

ஒரு பத்திரிகை, இரண்டு பேர், பொறுமை துளியும் கிடையாது. முதல் இதழ் வந்த அன்றே இழுபறியில் அட்டை போயிற்று. காசிம் கத்தியை எடுத்து முதுகோடு பிளந்தான். "முன்பாதி ஒனக்கு, பின்பாதி எனக்கு. வியாழக்கெழம நீ படிச்சத எனக்குச் சொல்லு, நான் படிச்சத ஒனக்குச் சொல்றேன்."

அதுவே சட்டமாகிவிட்டது. எதிராளிக்கு விளங்கவைக்க முடியாதது படித்த கணக்கில் சேராது. டீயை வைத்துக்கொண்டு ஆரம்பிப்போம்.

"கண்டன்சர் ஏன்டா கரண்ட்டப் பிடிச்சு வச்சுக்குது?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"போட்டிருக்குறது கெடக்கட்டும். ஒனக்கு வெளங்குச்சா?"

"இல்ல."

"அப்பப் போயி மறுபடி படிச்சிட்டு வா. எந்திரி."

எத்தனை டீ ஆறிப்போயிருக்கும்!

ஒருநாள் மரைக்காயரே கடைக்கு வந்தார். துண்டுக்குள்ளிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். டிரான்சிஸ்டர் ரேடியோ. படத்தில் பார்த்திருக்கிறோம், தொட்டது அன்றுதான். பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது.

"மத்தியான பஸ்ஸுக்குத் திருச்சி போறேன். அங்க குடுத்தாச் சரி பண்ணிருவாங்க. ஒங்களுக்கு இது தெரியலன்னா, நான் எதுக்குப்பா அந்தப் புத்தகத்தக் கடல் தாண்டிச் சொமந்துக்கிட்டு வாரேன்? இன்னையோட விட்டுர்றேன்."

ரேடியோவை விளக்கடிக்கு இழுத்து வைத்தோம்.

வால்வு ரேடியோக்காரன் கை முதலில் போவது மூடியின்மேல். வால்வு என்ற கண்ணாடிக் குழல் சூடேறினால்தான் அது பாடும். அதற்கே அரை நிமிஷம் ஆகும். குமிழைத் திருகிவிட்டுக் கையை வைத்துக் காத்திருந்தோம். குளத்துக் கல்லாகக் குளிர்ந்திருந்தது.

"சூடே ஏறலியே மாமு," என்றான் காசிம் என்னிடம், சாவு வீட்டுக் குரலில்.

எனக்குப் பொறி தட்டியது. என் பாதியின் கடைசிப் பக்கத்தில் டிரான்சிஸ்டர் கட்டுரை ஒன்று தொடங்கியிருந்தது. வால்வைவிட இதில் சூட்டைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பது கடைசி வரி. வால்வைவிட அதிகச் சூடு வேண்டும்போல என்று நினைத்து, நூறு வாட் பல்பைக் கீழே இறக்கி ரேடியோவுக்கு முகத்தோடு முகம் காட்டினேன்.

"என்னப்பா, கோழிக்குஞ்சு பொரிக்கிறீங்களா?" என்றார் மரைக்காயர்.

"மிச்சம் ஒன் பாதியிலதான்டா இருக்கு. என்ன போட்டிருக்கு?"

"தலையில்லாத கட்டுரைய எவன் படிப்பான்?" என்றான் காசிம்.

எனக்கு முடிவில்லாதது, அவனுக்கு ஆரம்பமில்லாதது. அவன் சொல்வான் என்று நானும், நான் சொல்வேன் என்று அவனும் வியாழக்கிழமையைத் தாண்டிவிட்டிருந்தோம். காசிம் தன் பாதியை எடுத்துவரச் சைக்கிளில் வீட்டுக்குப் பறந்தான். திரும்பி வந்தவன் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அதைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"பல்ப அமத்துடா மொதல்ல. இது சூடில்லாமலே பாடுமாம். சூடு பட்டாத்தான் செத்துப்போயிருமாம்."

ரேடியோவைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்றிருந்தது. மரைக்காயர் முகத்தை நான் பார்க்கவில்லை. காசிம் மூச்சிரைக்க, எழுத்துக்கூட்டித் தமிழாக்கினான்: சத்தமில்லையென்றால் முதலில் பேட்டரி தொடும் இடத்தைப் பார். பார்த்தோம். பித்தளைத் தகட்டில் கடற்காற்று பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துத் திருகினேன்.

அரை நிமிஷமெல்லாம் இல்லை. திருகிய கையை எடுப்பதற்குள் நாகசுரம். மூன்று பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு குதித்த குதியில் அலமாரியிலிருந்து இரண்டு நல்ல வால்வுகள் விழுந்து உடைந்தன. அதற்கும் சிரித்தோம்.

மரைக்காயருக்குத் தாங்காத சந்தோஷம். அடுத்த தடவை ஒரே இதழில் இரண்டு பிரதி கொண்டுவந்தார். "ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு அவனுக்கு. இனிமே அறுக்காதீங்கப்பா, பாக்கவே பாவமா இருக்கு."

ஆளுக்கொரு முழுப் பத்திரிகை! அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடினோம். அந்த வியாழக்கிழமை வந்தது.

"படிச்சியா?"

"ம். நீ?"

"படிச்சேன்."

டீ ஆறவேயில்லை, சுடச்சுடக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம்.

காசிம் இப்போது சிங்கப்பூரில், மரைக்காயர் கடையில். நான் திருச்சியில். பையன்கள் டிரான்சிஸ்டரைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். அந்த முழுப் பத்திரிகைகளில் ஒரு வரி கேளுங்கள், முழிப்பேன். பிளந்த பாதிகளைக் கேளுங்கள், படம் போட்டே சொல்வேன். என் கண்ணால் பார்த்தேயிராத பின்பாதிகளையும் சேர்த்து.